டாக்டர் பார்ட்டி வண்டியும் ஆயுத பூஜையும்

ஆயுத பூஜை அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே வேலைதான். பூஜை போட்ட காரை எடுத்துக்கிட்டு, திருமுல்லைவாயில்லேர்ந்து பாரிவாக்கத்துல இருக்குற மாமியார் வீட்டுக்கு மதியம் சாப்பிடப் போகணும்.

கார்னா சும்மா கார் இல்ல மக்களே. ஜெர்மன் வண்டி! செகண்ட் ஹாண்டுதான். அதுக்கென்ன?

வேலப்பன்சாவடி புரோக்கர் வண்டியைத் தட்டிக் காட்டி சொன்னாரு: "டாக்டர் பார்ட்டி வண்டி சார். சிங்கிள் ஓனர். ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும்தான் போய்கினு இருந்துச்சு."

மத்தவங்க பழைய வண்டி பாக்கப் போனா இன்ஜினைப் பாப்பாங்க, அடியில குனிஞ்சு ஆயில் ஒழுகுதான்னு பாப்பாங்க. நான் கதவைத் திறந்து திறந்து மூடிப் பாத்தேன். "தொப்"னு ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, அதுலயே விழுந்துட்டேன். வீட்டுல நிறுத்த இடமில்லாம சைக்கிளை எல்லாம் மொட்டை மாடிக்கு ஏத்தினேன்.

என் பொண்டாட்டி செல்வி மட்டும் ஒரு கண்டிஷன் போட்டா. "இந்த வண்டி ஒரே ஒரு வாட்டி நடுரோட்ல நின்னுச்சுன்னா, அன்னிக்கே வித்துடணும். சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். சாட்சி யாரு? அவ தம்பி குமரேசன். "பழைய பெரிய வண்டி வேணாம் மாமா, யானையைக் கட்டித் தீனி போடுற கதை ஆயிடும்"னு சொல்லி, நான் கேக்கலைன்னு கடுப்புல இருந்தவன்.

பூஜை அன்னிக்கு காலைல வண்டியைக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வெச்சேன். தெருவுல எல்லாரும் பைக்குல வாழையிலையைச் சொருகி இருந்தாங்க. நம்மளுது ஜெர்மன் வண்டியாச்சே, அதுக்குத் தகுந்த மாதிரி செய்ய வேணாமா? முன்னாடி பம்பர்ல ரெண்டு பக்கமும் ரெண்டு முழு வாழைக்கன்னு! நடுவுல கம்பெனி சின்னத்து மேல ரோஜா மாலை! எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டு கம்பீரமா கெளம்பினேன்.

கேட்டைக்கூடத் தாண்டல. "டொய்ங் டொய்ங் டொய்ங்"னு வண்டி கத்த ஆரம்பிச்சுது.

"ஏங்க, என்ன சத்தம்?"

"பெல்ட் போடு."

"போட்டுட்டேன்."

"அப்ப பூஜை போட்ட சந்தோஷம்"னு சொல்லிட்டு பாட்டு சவுண்டை ஏத்தினேன்.

ஆவடி தாண்டி பூந்தமல்லி ரோடு பிடிச்சு கொஞ்சம் வேகம் எடுத்தேன். திடீர்னு ஸ்கிரீன் முழுக்க சிவப்பு! வண்டி அதுவா பிரேக் அடிச்சு டக்குனு நின்னுச்சு! செல்வி மடியில இருந்த பொரி தட்டு பறந்து, லெதர் சீட்டு, ஏசி ஓட்டை, என் சட்டைப் பாக்கெட்டுன்னு வண்டி பூரா பொரி.

பின்னாடி வந்த பைக்குக்காரர் பக்கத்துல வந்து எட்டிப் பாத்தாரு. "யோவ், ஊட்ல சொல்ட்டு வந்தியா? இன்னாத்துக்குயா நட்டநடு ரோட்ல பிரேக் அடிக்கிற?"

"நான் அடிக்கல தலைவா, வண்டிதான் அடிச்சுது."

அவரு என் வாயை மோந்து பாத்துட்டுப் போனாரு.

"நின்னுடுச்சில்ல?" செல்வி கேட்டா.

"நிக்கலமா. ரெஸ்ட் எடுக்குது."

எறங்கி வண்டிக்கு முன்னாடி போய்ப் பாத்தேன். ரோடு காலி, ஒரு நாய்கூட இல்ல. மாலை மட்டும் லேசா விலகி இருந்துச்சு. அதை நடுவுல இழுத்து விட்டு, சாஞ்சிருந்த வாழைக்கன்னையும் நல்லா நிமித்தி வெச்சுட்டு வந்து ஒக்காந்தேன்.

அதுக்கப்புறம் இன்னும் மோசம். பத்தடி போகும், நிக்கும். பருத்திப்பட்டு ஏரிகிட்ட வந்ததும் சுத்தமா அடம் பிடிச்சுது. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா அரை அடி நகந்து, டொய்ங்னு கத்திட்டு நின்னுடும்.

மெக்கானிக் தனாவுக்கு போன் போட்டேன்.

"அண்ணாத்தே, இன்னிக்குப் போய் கூப்புடுறியே! ஸ்பேனரு, ஜாக்கி எல்லாத்துக்கும் பொட்டு வெச்சு சாமி முன்னால படுக்க வெச்சுகீறேன். நாளைக்குப் பூஜை போட்டுத்தான் கையில எடுப்பேன். நீ பொரி சாப்ட்டியா?"

பொரி மேலதான்யா ஒக்காந்திருக்கேன்!

அதுக்குள்ள செல்வி தம்பிக்கு போன் பண்ணிட்டா. குமரேசன் அவனோட சின்ன கார்ல பறந்து வந்தான். மூஞ்சி பூரா தீபாவளி.

"மாமா, கட்டி இழுக்க கயிறு கொண்டாந்துகீறேன்."

"அதுக்குள்ள கயிறு எங்கடா கிடைச்சுது?"

"நீ வண்டி வாங்கின அன்னிக்கே டிக்கியில போட்டு வெச்சுட்டேன் மாமா."

கயிறு கட்டுறதுக்கு முன்னாடி போனை எடுத்தான். ஃபேமிலி குரூப்புல போட வீடியோ வேணுமாம். "மாமா, பானெட்டு மேல கை வெச்சு சோகமா நில்லு."

உண்மையிலேயே சோகமாத்தான் நின்னேன். ஆசைப்பட்டு வாங்கின வண்டி. இன்னிக்கே வித்துடணும்.

அப்பதான் ஏரிப் பக்கத்துலேர்ந்து ஒரு மாடு வந்துச்சு. நேரா வந்து இடது பக்க வாழைக்கன்னை இழுத்துத் திங்க ஆரம்பிச்சுது.

"ஏய்! ஏய்! பூஜை போட்டதுடி அது!"ன்னு கத்தினேன்.

"விடுங்க. வந்ததுக்கு அதாவது சாப்பிடட்டும்"னா செல்வி.

இடது பக்கக் கன்னு முடிஞ்சுது. மாலையைத் தின்னுச்சு. நிதானமா வலது பக்கம் போச்சு.

"ஏங்க, மாடு திங்கத் திங்க சத்தம் கொறயுது பாருங்க."

"மாட்டுக்கும் இன்ஜினுக்கும் என்னமா சம்பந்தம்?"

கடைசி இலையை உருவிக்கிட்டு அது நகந்துச்சு. வண்டிக்குள்ள டொய்ங் நின்னுபோச்சு. சிவப்பும் போச்சு. ஓடிப் போய் உள்ள ஒக்காந்து ஆக்ஸிலேட்டரைத் தொட்டேன், வண்டி வழுக்கிக்கிட்டுப் போச்சு!

அப்பதான் மண்டையில உறைச்சுது. முன்னாடி ஏதாவது வந்தா பாத்து நிறுத்துற கண்ணு இந்த வண்டிக்கு இருக்கு. அது பம்பர்லயும் அந்தச் சின்னத்துக்குப் பின்னாடியும்தான் இருக்கு. நான் அதுங்க மேல மாலையைப் போட்டு, வாழையைக் கட்டி, சரிஞ்சப்ப நிமித்தியும் விட்டிருக்கேன். பாவம், திருமுல்லைவாயில்லேர்ந்து வாழைத்தோப்புக்குள்ள போறோம்னே நெனச்சு அது பயந்து பயந்து வந்திருக்கு.

குமரேசன் கயித்தைச் சுருட்டினான். அவ்ளோ சோகமா ஒருத்தன் கயிறு சுருட்டி நான் பாத்ததில்ல.

மாமியார் வீட்டுல இலை போட்டதும் நானே பேச்சை ஆரம்பிச்சேன். "பாத்தியா செல்வி? வண்டி மேல தப்பே இல்ல. விக்க வேணாம்."

செல்வி சாம்பார் ஊத்திக்கிட்டே சொன்னா: "ஆமா, வண்டி ஒழுங்கா சொல்லிக்கிட்டேதான் வந்துச்சு. வித்தா உங்களைத்தான் விக்கணும்."

குமரேசன் மூஞ்சியில மறுபடியும் தீபாவளி. "செகண்ட் ஹாண்டுல போட்டுடலாம்க்கா. சிங்கிள் ஓனர்தானே?"

வண்டி இன்னும் எங்க வீட்லதான் இருக்கு. எனக்குத்தான் இதுவரைக்கும் ஒரு பார்ட்டியும் வரல.