அரை மணி நேரப் பிடி

அந்தப் பின்னறை தனக்குத்தான் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மனிதன் கதவைச் சாத்திக்கொண்டு யோசிக்க ஓர் இடம் வேண்டாமா? மனைவிக்கோ அங்கே தையல் மிஷினைப் போட வேண்டும். ஒரு வாரம் மல்லுக்கட்டிய பிறகு அவரே ஒரு விதி போட்டார்: இன்று யார் சாமான் முதலில் உள்ளே போகிறதோ, அறை அவர்களுக்கு. மிஷின் பிணக் கனம் கனக்கும். அவரிடமோ அளவாக வெட்டி வாங்கிய எம்.டி.எஃப் பலகைகள் இருந்தன. புத்தக அலமாரி ஒரு மணி நேர வேலை.

கூடத்தில் உட்கார்ந்து பலகை விளிம்பில் பசை தடவினார். தடவத் தடவ அது குடித்துக்கொண்டே இருந்தது.

"ஏங்க, இப்படிக் குடிக்குது?" மனைவி பக்கத்தில் வந்து குந்தினாள்.

"மரத்தூளை அமுக்கிச் செஞ்ச பலகைம்மா. வெட்டின இடம் உறிஞ்சத்தான் செய்யும். ரெண்டாந்தரம் தடவணும்."

"முன்னாடியே எதுக்குத் துளை போடறீங்க?"

"போடாம ஸ்க்ரூவை முறுக்கினா விளிம்பு பிளந்துக்கும்."

"அடேயப்பா!"

முப்பது வருஷத்தில் அவரைப் பார்த்து அவள் சொன்ன முதல் அடேயப்பா. உச்சி குளிர்ந்துபோய் எல்லா ஸ்க்ரூவையும் முறுக்கி முடித்தார்.

"பசை காயற வரைக்கும் கையால பிடிச்சுக்கணும், இல்லீங்க?"

அதை அவர் யோசிக்கவேயில்லை. தெரியாது என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

"பின்னே? அரை மணி நேரம் அசையவே கூடாது!"

"அப்ப அசையாதீங்க." எழுந்து போய்விட்டாள்.

இரண்டு பக்கப் பலகைகளையும் கட்டிப் பிடித்தபடி நின்றார். மூக்கு அரித்தது. யோசனை வேறு வந்தது. இத்தனை வருஷமாக நாம் இருவரும் பிரியாமல் இருக்கிறோமே, நம்மை ஒட்டியது பசையா, ஸ்க்ரூவா? பாதி யோசனையில் உள்ளே கடகடவென்று ஏதோ உருண்டது.

"இந்தப் பக்கம் தூக்குங்க!" அது எதிர்வீட்டு அக்காவின் குரல்.

"அங்க என்னம்மா சத்தம்?"

"ஒண்ணுமில்லீங்க. கையை எடுத்துடாதீங்க, கோணிக்கும்!"

"மிஷினா?"

"பிடிங்க, பிடிங்க!"

விட்டால் அலமாரி போச்சு. பிடித்தால் அறை போச்சு. எதை விடுவது என்று அவர் நியாயமாக எடைபோட்டு முடிப்பதற்குள் கடகடப்பு பின்னறைக்குள் போய் அடங்கிவிட்டது.

அந்த அக்காவைத் தேடி வந்த அவள் கணவர், எதிர்வீட்டுத் தச்சர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன சார், அலமாரியைக் கொஞ்சிக்கிட்டிருக்கீங்க?"

"பசை காயணுமே."

"அதான் ஸ்க்ரூ போட்டாச்சே! அதுவே இறுக்கிப் பிடிச்சுக்கும். காலையில அம்மா வந்து கேட்டப்பவே விவரமாச் சொன்னேனே?"

அவர் மெல்லத் திரும்பினார். மனைவி பின்னறை வாசலில் நின்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ங்க. ஆனா மிஷினைத் தள்ளிக்கிட்டுப் போக எங்களுக்கு நேரம் வேணுமே!"