நான் விசில் டீச்சர் ஆன விதம்

எனக்குக் கமிட்டி என்றால் உயிர். சிலருக்கு நகை, சிலருக்கு சீரியல். எனக்கு நாலு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தீர்மானம் சொல்ல, இன்னொருவர் வழிமொழிய, கடைசியில் டீயும் வர்க்கியும் வந்துவிட்டால் போதும், உலகம் பாதி திருந்திவிட்டது என்று நினைத்துக்கொள்வேன். வளர்ந்த விதம் அப்படி. எங்கள் சர்ச்சில் கூரை ஒழுகினால் அதற்கு ஒரு கமிட்டி, அந்தக் கமிட்டி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு கமிட்டி. (கூரை இன்னும் ஒழுகுகிறது. அது வேறு விஷயம்.) இப்படிப்பட்ட ஒருத்தி போலீஸ் ஸ்டேஷனைத் திருத்தக் கிளம்பினால் என்ன ஆகும்? நான் கிளம்பினேன். என்ன ஆனது என்று கேளுங்கள்.

எங்கள் ஊர் கோத்தகிரிப் பக்கம். பெயர் வேண்டாம். அந்த ஸ்டேஷன் சுவரில் என் போட்டோ இன்னும் தொங்குகிறது. நான் அங்கே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கிருபா என்று ஒரு பெயர் எனக்கு உண்டு என்பது என் கணவர் ஜெபராஜுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. அவருக்கு குந்தா பவர் ஹவுஸில் வேலை, வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். ஊருக்கு நான் வெறும் டீச்சர்.

தினமும் பள்ளிக்குப் போவதும் வருவதும் முருகேசனின் ஜீப்பில். பின்னால் எஸ்டேட் பிள்ளைகள், முன்னால் அவருக்கு இடப்பக்கம் நான். ஒரு நாள் சாயங்காலம், "பாலத்துக்கிட்ட நிறுத்துங்க" என்றேன். வண்டி நிற்கவில்லை. மறுபடி சொன்னேன். பாலம் போனது, தேயிலை ஃபேக்டரியும் போனது. கடைசியில் என் வகுப்பறைக் குரலில் ஒரு அதட்டல் போட்டேன்.

"என்ன முருகேசன், தூக்கமா?"

வண்டியை ஓரங்கட்டிவிட்டு, தலையை முழுவதுமாக என் பக்கம் திருப்பி, "மன்னிச்சுக்குங்க டீச்சர். இந்தக் காது இப்பக் கேக்கறதில்லீங்க" என்றார்.

கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வந்தது. எஸ்டேட் லாரியிலிருந்து பேட்டரி ஒன்று காணாமல் போயிருக்கிறது. யாரோ முருகேசன் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். "சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடறோம்" என்று ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், மறுநாள் மதியம் அனுப்பினார்கள். இடது காதை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். பேட்டரி பிறகு வேறொருவனிடம் கிடைத்தது. அதை இவரிடம் சொல்ல வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் முருகேசன் அந்த ஸ்டேஷனுக்குள் வந்ததாகவே எங்கும் பதிவு இல்லை. பயத்தில் இவரும், பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லி வைத்திருக்கிறார். (அவருடைய எஸ்டேட் லைன் வீட்டில் பாத்ரூமே கிடையாது.)

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆத்திரம் வந்தால் மற்றவர்கள் கத்துவார்கள், அழுவார்கள். நான் கமிட்டி போடுவேன். அன்றைக்கே மனு தயார். ஊர்க்காரர்களைக் கொண்டு ஒரு மக்கள் கண்காணிப்புக் குழு வேண்டும், அந்தக் குழு எந்த நேரமும் ஸ்டேஷனுக்குள் போய் யாரை வைத்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம், இது முதல் கோரிக்கை. போலீஸ் மேல் வரும் புகாரை அதே ஸ்டேஷன் விசாரிக்கக் கூடாது, இது இரண்டாவது. இதில் என்ன பெரிய புரட்சி இருக்கிறது? பரீட்சைத் தாளை எழுதிய பிள்ளையே திருத்தக் கூடாது என்கிறோம், அவ்வளவுதானே.

கையெழுத்து வாங்கப் போனபோதுதான் என் ஊரை நான் முதல்முறையாகப் பார்த்தேன். தெருவிளக்கு மனு என்றால் பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போடுகிறவர்கள், போலீஸ் என்றதும் மூக்குக் கண்ணாடியைத் தேடினார்கள். ஒருவர் தன் சம்சாரத்தின் பெயரில் போட்டார். மளிகைக் கடைக்காரர் போட்ட கையெழுத்தை அவராலேயே படிக்க முடியாது. இன்னொருவர், "டீச்சர், காட்டெருமை தெனமும் கோஸ் தோட்டத்துல எறங்குதுங்க. அதையும் சேத்து எழுதினா எங்க லைன் வீட்டுக்காரங்க மொத்தமும் கையெழுத்துப் போடறம்" என்றார். அப்படித்தான் காட்டெருமை மூன்றாவது கோரிக்கை ஆனது.

மனு மட்டும் போதாது, பாதிக்கப்பட்டவர் வாயைத் திறக்க வேண்டும். சனிக்கிழமை சர்ச் ஹாலில் கூட்டம் என்று முடிவு செய்து, முருகேசன் வீட்டுக்குப் போனேன். நடந்ததை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதி, கையெழுத்து வாங்கினேன். கூட்டத்தில் வந்து பேசவும் ஒத்துக்கொண்டார். அவர் மனைவி சரோஜா தேயிலைக் கொழுந்துப் பையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், நீங்க எழுதிட்டு ஊட்டுக்குப் போயிருவீங்க. இவரு தெனமும் அந்த ஸ்டேஷன் முன்னாடிதானுங்க வண்டி ஓட்டோணும். இன்னொரு காதும் போச்சுன்னா லைசென்சு போயிருமுங்க. அப்புறம் நாங்க சோத்துக்கு எங்க போறது?"

"பயப்படாத சரோஜா. கமிட்டி இருக்கு" என்றேன் நான். இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பினார். நான் சிறை செல்லத் தயாராகி, ஸ்வெட்டரும் பல் துலக்கும் பிரஷும் பையில் வைத்துக்கொண்டு போனேன். அவரோ எழுந்து நின்று வணக்கம் சொன்னார். மதுரைப் பக்கத்துக்காரர், சிரித்த முகம். டீ வந்தது. வர்க்கியும் வந்தது! மனுவைக் காட்டெருமை வரைக்கும் பொறுமையாகப் படித்தார்.

"நல்ல ஐடியா மேடம். கமிட்டி போட்ருவோம்."

"எப்ப சார்?"

"இப்பவே. நீங்கதான் ஒருங்கிணைப்பாளர். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

ஒருங்கிணைப்பாளர்! சர்ச்சில் எத்தனையோ வருஷம் உழைத்தும் எனக்கு உதவிச் செயலாளர் பதவிக்கு மேல் கொடுத்ததில்லை. என் கை தானாகப் போய்க் கையெழுத்துப் போட்டது.

"அதான் கமிட்டி போட்டாச்சே, அப்புறம் நாளைக்குக் கூட்டம் எதுக்கு மேடம்? காலைல எட்டு மணிக்கு இங்க வந்துருங்க. முதல் சிட்டிங்கை வச்சுருவோம்."

நியாயமாகத்தான் பட்டது. கூட்டம் ரத்து. முருகேசனிடம் வலது பக்கமாகப் போய், "எல்லாம் ஆச்சு. இனி அவங்க நம்ம கேள்விக்குப் பதில் சொல்லித்தான் ஆகணும்" என்றேன். பல நாளைக்குப் பிறகு அந்த மனிதர் சிரித்தார். குந்தாவிலிருந்து வந்த ஜெபராஜ் மட்டும் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"போலீஸைப் பாக்கற கமிட்டிய போலீஸே போட்டுதா, கிருபா?"

"ஏங்க, எதுலயும் ஒரு குத்தம் கண்டுபிடிக்காதீங்க" என்றேன்.

சனிக்கிழமை காலை கிறிஸ்துமஸ் பட்டுப்புடவை, கையில் ஃபைல், அஜெண்டா, ஒரு பேனா, அது எழுதாமல் போனால் இன்னொரு பேனா. என்னோடு, கமிட்டிக்கு நான் சேர்த்துக்கொண்ட ரிட்டயர்ட் போஸ்ட் மாஸ்டர் பொன்னுசாமி ஐயா. ஸ்டேஷன் வாசலில் ஒரு ஏட்டு எங்களுக்கு ஆளுக்கொரு ஆரஞ்சு நிற மின்னும் ஜாக்கெட், ஒரு தொப்பி, ஒரு விசில் கொடுத்தார்.

"சிட்டிங் எங்க சார்?" என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன்.

"மேடம், எங்க வேலை என்னன்னு தெரியாம எப்பிடிக் கண்காணிப்பீங்க? சீசன் டைம். ஊட்டிலருந்து கீழ எறங்குற வண்டி பூரா நம்ம ஊரு வழியாத்தான். மொதல்ல நாலு ரோடு சந்திப்புல நின்னு பாருங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்குவோம்."

இதுவும் நியாயமாகத்தான் பட்டது. (எனக்கு எதுதான் நியாயமாகப் படவில்லை?) பட்டுப்புடவை மேல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் பொன்னுசாமி ஐயா மூட்டு வலி என்று பேக்கரிக்குள் ஒதுங்கிவிட்டார். ஒதுங்கியவர் திரும்பவே இல்லை. சீசன் முடிந்து ஜூலை வரைக்கும் அவரை நான் பார்க்கவில்லை.

வெட்கக்கேட்டை மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இத்தனை வருஷம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவள், ஒரு மலை முழுக்க வண்டி கிடைத்தால் சும்மா இருப்பாளா? ஊதினேன். கையை நீட்டினால் பஸ் நின்றது! பெரிய கார்க்காரர் ஒருவர் வரிசையை முந்தப் பார்த்தார். "லைன்ல நில்லுங்க" என்று ஒரு அதட்டல். நாற்பது வயது மனிதர் கண்ணாடியை இறக்கி, "சாரி மிஸ்" என்றார். ஏட்டு என்னைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் தொப்பியை வேறு சரி செய்துகொண்டேன்.

அப்போதுதான் எஸ்டேட் ரோட்டிலிருந்து ஒரு ஜீப் மெல்ல மூக்கை நீட்டியது. சூரியன் நேர் எதிரே, யார் எவர் என்று தெரியவில்லை. பலம் கொண்ட மட்டும் ஊதி, கையை நீட்டினேன். ஜீப் அப்படியே நின்றது. டிரைவர் இறங்கி ஓடி வந்தார். தலை குனிந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து லைசென்சை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"பேப்பரெல்லாம் சரியா இருக்குதுங்க மேடம். வேணும்னு பண்ணலீங்க. விட்டுருங்க."

முருகேசன்.

"முருகேசன், நான்தான்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. நான் இடது பக்கம் நின்றிருந்தேன். மறுபடி சொன்னேன், அதற்குள் விசில் மறுபடி வாய்க்குப் போயிருந்ததால் அது வார்த்தையாக வராமல் ஒரு சின்னக் கீச்சாக வந்தது. அந்தச் சத்தத்துக்கு அவர் தோள் குறுகியதைப் பார்த்தேன். பிறகுதான் நிமிர்ந்தார். ஜாக்கெட்டைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், கடைசியாக என் முகத்தை.

"டீச்சருங்களா?"

"இது கமிட்டிங்க முருகேசன், மொதல்ல இவங்க வேலையப் பாத்துட்டு அப்புறம்..." பின்னால் நின்ற வண்டிகளெல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. நான் சொன்னதில் அவருக்கு என்ன கேட்டதோ தெரியாது.

"பரவால்லீங்க டீச்சர். நீங்க வேலையப் பாருங்க" என்று சொல்லி, லைசென்சைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த நிமிஷம் ரோடு பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். மழைக்காலத்தில் கேட்காமலே சரிகிற மலை, அன்றைக்கு அசையவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், புருஷனும் பெண்டாட்டியும் வாசலில் நிற்கிறார்கள். எழுதி வாங்கியதைத் திருப்பிக் கேட்டார்கள். நான் விளக்கினேன், கெஞ்சினேன், அழுதேன்கூட. சரோஜா திட்டியிருந்தால் தேவலை. "உங்க மேல ஒண்ணும் வருத்தமில்லீங்க டீச்சர். உங்களுக்கு அவங்க சிநேகம் வேணுமில்லீங்களா" என்றாள். காகிதத்தை என் வீட்டு விறகடுப்பிலேயே போட்டுவிட்டுப் போனார்கள்.

ரோஷத்தோடு இந்தத் தடவை போலீஸ் மேலிடத்துக்கே மனு எழுதினேன். பதில் வந்தது. எங்கள் ஊரில் மக்கள் குழு ஏற்கெனவே சிறப்பாகச் செயல்பட்டு வருகிறதாம். ஆகவே இந்த மனுவை விசாரித்து அறிக்கை தருமாறு அந்தக் குழுவின் ஒருங்கிணைப்பாளருக்கே அனுப்புகிறார்களாம். என் மனு என்னிடமே வந்து சேர்ந்தது. கூடவே ஸ்டேஷன் சுவரில் பெரிதாக என் போட்டோ, நீட்டிய கையும் ஊதிய கன்னமுமாக. கீழே 'மக்களும் காவலரும் கைகோர்த்து' என்று எழுதியிருக்கிறது. மூன்று கோரிக்கைகளில் நிறைவேறியது மூன்றாவது மட்டும். வனத்துறை வந்து காட்டெருமையை விரட்டியது. கொஞ்ச நாளில் அதுவும் திரும்பி வந்துவிட்டது.

சீசன் முடிந்ததும் ஜாக்கெட்டையும் தொப்பியையும் வாங்கிக்கொண்டார்கள். விசிலை மட்டும், வாயில் வைத்தது என்பதால், வேண்டாம் என்றார்கள். அது என் கைப்பையில் கிடந்தது.

இப்போதும் அதே ஜீப்தான். முருகேசன் எனக்கு அதே முன்சீட்டைத்தான் தருகிறார். பாலத்துக்கிட்ட நிறுத்தச் சொல்வதுதான் பெரும்பாடு. தோளைத் தட்ட எனக்குக் கூச்சம், டேஷ்போர்டைத் தட்டினால் அந்த ஜீப்பின் ஆயிரம் சத்தத்தில் அதுவும் ஒன்று. மழை கொட்டிய ஒரு சாயங்காலம், வேறு வழி இல்லாமல் விசிலை எடுத்து ஊதினேன். வண்டி சடாரென்று நின்றது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முருகேசனும் சிரித்தார். "இதையே ஊதுங்க டீச்சர். இது நல்லாக் கேக்குது" என்றார்.

அன்றிலிருந்து நான் விசில் டீச்சர். ஜெபராஜ் இதைச் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. "எங்க ஊட்டம்மா போலீஸைக் கண்காணிக்கப் போயி, டிராஃபிக்கைக் கண்காணிச்சுட்டு வந்துட்டா" என்பார், பந்தி முழுக்கச் சிரிக்கும். வீட்டில் குழம்பு பொங்கி வழிந்தால்கூட என் பெண், "கமிட்டி போட்டாச்சாம்மா?" என்கிறாள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். சிரிக்காமல் வேறென்ன செய்ய?

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. தினமும் பாலம் வருகிறது, நான் ஊதுகிறேன். முருகேசனின் கால் பிரேக்குக்குப் போகிறது. அதே நேரம் அவர் கை சட்டைப் பைக்குப் போய், லைசென்ஸ் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறது. அது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன். நான் குடையை விரித்துக்கொண்டு இறங்கிவிடுகிறேன்.