காற்றுக்கு ஜாமீன் நிற்பவர்

திருச்சியில் வெயில் மட்டும் அடித்தால் எப்படியோ சமாளித்துவிடலாம். அந்த வெயிலை விளக்குகிறவர்களும் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது? இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் காற்று ஜாமீன்தாரர். சத்திரம் பேருந்து நிலையத்தில் நிழல் தேடி ஒதுங்குங்கள், அங்கே ஏற்கெனவே ஒருவர் நிற்பார், கழுத்தில் ஈரத் துண்டு, கையில் போன், போனில் பச்சையும் சிவப்புமாய்ச் சுழலும் ஒரு வானிலைப் படம். 'அப்பா, என்ன வெயில்' என்று நீங்கள் வாய் தவறி முனகிவிட்டால் போதும், தரை எப்படிச் சூடாகிறது, அதைத் தொட்ட காற்று எப்படி லேசாகி மேலே போகிறது, அந்த இடத்தைப் பிடிக்கக் குளிர்ந்த காற்று எப்படி ஓடிவருகிறது என்று ஆரம்பித்து, உங்கள் பஸ் கிளம்பிப் போகிறவரை விடமாட்டார். அவர் சொல்வது தப்பா? அதுதான் இல்லை. அத்தனையும் சரி. வில்லங்கமே அங்கேதான்.

எனக்குத் தெரிந்த ஜாமீன்தாரர் கலையரசன். கே.கே. நகரில் செல்போன் கடை வைத்திருக்கிறார். சித்திரை மாத உச்சி வெயிலில் மனைவி மலர்க்கொடியோடு ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போனார். பிரகாரத்துக் கல் கொதித்தது. நடக்கிறவர்களுக்காக நீளமாய்த் தென்னைநார் விரிப்பு போட்டிருந்தார்கள். நம்மவர் பாதி வழியில் அந்த விரிப்பின் மேலேயே நின்றுகொண்டு, சூடு கல்லிலிருந்து காலுக்கு எப்படி ஏறுகிறது, நார் வழியாக ஏன் சட்டென்று ஏறுவதில்லை என்று பாடம் நடத்தினார். பின்னால் வந்தவர்கள் கல்லில் இறங்கிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியுது சார். கொஞ்சம் நகருங்க."

"என்ன தெரியுது? சொல்லுங்க பாப்போம்."

மலர்க்கொடி யாரோ ஒருத்தி மாதிரி நிழலுக்கு ஓடிவிட்டாள்.

அது வெறும் கால் கொப்புளத்தோடு போயிற்று. அடுத்தது அப்படிப் போகவில்லை.

மலர்க்கொடியின் தம்பி பெரியண்ணன் தொட்டியம் பக்கம் ஆற்றை ஒட்டி வாழை போட்டிருந்தான். குடும்பத்தின் ஒரு வருஷத்துச் சோறு அந்தத் தோட்டம். தார்கள் முற்றுகிற நேரம். கனத்தில் மரம் சாய்ந்துகொண்டு நிற்கும், கோடைக் காற்று ஒருமுறை உதறினால் ஒடிந்துவிடும். மரத்துக்கு ஒரு சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தால் பிழைக்கும். ஆனால் அந்த வெயிலில் கம்பு சுமந்து நட்டுக் கட்டி முடிப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். அவன் என்ன செய்தான்? மச்சானுக்குப் போன் போட்டான்.

"மச்சான், காத்து வருமா? முட்டு குடுக்கவா, வேணாமா?"

"மாப்ளே, எங்க சூடு ஏறுதோ அங்கதான் காத்து கெளம்பும். உன் தோட்டத்துக்குப் பக்கத்துல ஆறு. தண்ணி சீக்கிரம் சூடாவாது. அங்க எப்படிக் காத்து கெளம்பும்? நான் கேரண்டி."

"ஆத்துல ஏது மச்சான் தண்ணி? வெறும் மணலாத்தான கெடக்கு."

காவிரிப் பாலத்தைத் தினமும் கடக்கிற மனிதர்தான். ஆனாலும் ஆறு என்றால் தண்ணீர் என்று படித்துவிட்டாரே.

"மணலுக்கு அடியில ஈரம் இருக்கும்ல? அது போதும்."

அந்தப் 'போதும்' பெரியண்ணனுக்கும் போதுமாயிருந்தது. கால் வைத்தால் பொரிகிற மணல் அவனுக்குத் தெரியாததா? வேலை மிச்சமாகிற சேதியை யார் சொன்னாலும் அது அறிவாளி சொன்னதாகத்தான் காதில் விழுகிறது.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் மேற்கே கருத்தது. ஆற்று மணல் எழுந்து வந்தது. மழை ஓய்ந்து பார்த்தால் பாதித் தோட்டம் தாரோடு தரையில் கிடந்தது.

மறுநாள் துக்கம் கேட்க வந்தவர் மாதிரிதான் வந்தார் கலையரசன். ஒடிந்த மரங்களைக் கண்டதும் முகம் தெளிந்துவிட்டது. குனிந்தார், நிமிர்ந்தார், விரலை எச்சில் பண்ணித் தூக்கிப் பிடித்தார்.

"எல்லாம் கெழக்கப் பாத்து விழுந்திருக்கு பாரு மாப்ளே. மேல்காத்து. மணல் சூட்டுல காத்து மேல ஏறி, மேகமாகி, மழையில குளுந்து மொத்தமா கீழ எறங்கியிருக்கு. தெரிஞ்ச விஷயந்தான்."

"அதை விழுந்த மரமே சொல்லுதுண்ணே" என்றாள் பெரியண்ணன் மனைவி பவுனம்மாள். "நிக்கிற மரத்துக்கு எதாச்சும் சொல்லுங்க."

இப்போது பெரியண்ணன் என்ன கேட்டிருப்பான் என்று நினைக்கிறீர்கள்?

"ஏன் மச்சான், இன்னிக்கும் வருமா?"

"ஒருக்கா எறங்கிட்டா சூடு தணிஞ்சிரும் மாப்ளே. இனிமே…"

பவுனம்மாள் ஒரு சவுக்குக் கம்பைத் தூக்கிவந்து அவர் கையில் கொடுத்தாள். "பேசிக்கிட்டே இதை அணைச்சுப் புடிங்கண்ணே, கட்டிடுறேன்." பிடித்தார். பேச்சும் நிற்கவில்லை. அடுத்த கம்பைப் பெரியண்ணன் வாயை மூடிக்கொண்டு எடுத்தான்.

சிரித்தாயிற்றா? நல்லது. நாளைக்குப் பக்கத்து வீட்டு அம்மா துணி காயப்போட வந்து, 'மழை வருமாங்க?' என்று கேட்பார். 'தெரியாது' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவீர்கள், இல்லையா? அப்புறம் ஏன் இப்போதே மேகம் பார்க்கக் கழுத்து ஜன்னல் பக்கம் திரும்புகிறது?