தக் வீட்டு ஆட்டுக்கு ஒரு நன்றி

மூன்றாவது தேனீப் பெட்டியின் முதுகுப் பக்கம் வைக்கோலைக் காணவில்லை.

சங்தால் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிளாஸ்டிக் உறையின் ஓரம் தூக்கி விடப்பட்டிருந்தது. மூடிக்குக் கீழே இருந்த காற்று ஓட்டைகளை நேற்றுத்தான் தன் கையாலேயே வைக்கோல் திணித்து அடைத்திருந்தார். இப்போது ஒரு இழை மிச்சமில்லை.

"ஒக்பூன்! இங்க வா! திருட்டுப் போயிருக்கு!"

அவர் மனைவி ஒக்பூன் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்ன போச்சு?"

"வைக்கோல்!"

"அட, நான் ராணியையே தூக்கிட்டுப் போயிட்டாங்களோன்னு பயந்துட்டேன்."

"சிரிக்காதே. இந்த ஓட்டை வழியா குளிர் உள்ள போனா என் பிள்ளைங்க கதி என்ன ஆகும்?"

அவர் பிள்ளைகள் என்றது தேனீக்களை. சொந்த மகன் வொன்ஜு என்ற நகரத்தில் பதினாலாவது மாடியில், குளிர் புகாத வீட்டில் சௌக்கியமாக இருந்தான்.

சங்தால் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று இந்த மலைக்கிராமத்துக்கு வந்து தேனீ வளர்க்க ஆரம்பித்தார். முதல் வருஷம், குளிர்காலத்துக்கு முன்னால் சர்க்கரைப் பாகு வைக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. பட்டினி. இரண்டாம் வருஷம் பாகு வைத்தார், பெட்டியின் வாசலைச் சின்னதாக்க மறந்தார். எலி புகுந்தது. மூன்றாம் வருஷம் பாகும் வைத்து, வாசலையும் அடைத்து, பெட்டியைப் பிளாஸ்டிக்கால் சுற்றினார். வசந்தத்தில் மூடியைத் திறந்தால் எட்டுப் பெட்டிகளில் ஐந்து சொதசொதவென்று நனைந்து செத்துக் கிடந்தன. ஒவ்வொரு வருஷமும் அவர் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். அதற்குக் கட்டணம் கட்டியது தேனீக்கள்.

அன்றைக்கு அவர் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஒக்பூன் செத்த தேனீக்களை எல்லாம் ஒரு தட்டில் கூட்டியெடுத்து வால்நட் மரத்தடியில் புதைத்துவிட்டு, அவருக்குச் சூடாக நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தாள். அந்த நூடுல்ஸை நினைத்தால் இப்போதும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

அழுது முடித்ததும் அவரே ஒரு வாக்குக் கொடுத்தார். "இந்த மூணும் செத்துட்டா பெட்டியெல்லாம் விறகுதான். மகன் வீட்டுக்கே போயிடலாம்." பதினாலாவது மாடியில் அவருக்கு என்ன வேலை இருக்கிறது? லிஃப்டில் ஏறலாம், இறங்கலாம்.

அதனால் இந்த வருஷம் அவர் விடுவதாக இல்லை. போன வருஷம் பனித் தண்ணீர் எங்கேயோ ஒழுகித்தான் தேனீக்களை நனைத்துவிட்டது என்பது அவர் முடிவு. பிளாஸ்டிக்கை இரண்டு சுற்றாக ஆக்கினார். இண்டு இடுக்கெல்லாம் வைக்கோல் அடைத்தார். இந்தக் காலத்தில் வைக்கோல் கிடைப்பதும் லேசில்லை. அறுவடை இயந்திரம் போன கையோடு எல்லாவற்றையும் மாட்டுத் தீவனத்துக்கென்று வெள்ளை உருளையாகச் சுருட்டிவிடுகிறார்கள். மேட்டு வீட்டுத் தக், தன் வயலின் ஒரு மூலையைக் கையாலேயே அறுத்து, அந்த வைக்கோலை முழுக்க இவருக்குச் சும்மா கொடுத்திருந்தார். சங்தால் அதை, ஒக்பூன் கேட்ட ஒரு கைப்பிடியைக்கூடக் கிள்ளிக் கொடுக்காமல், அப்படியே தேனீக்களுக்கு உடுத்திவிட்டார்.

அந்த வைக்கோலைத்தான் இப்போது எவனோ உருவியிருக்கிறான்.

"எவனும் இல்ல," என்றார் சங்தால், மேட்டைப் பார்த்தபடி. "தக் வீட்டு ஆடு."

ஒக்பூனும் மேட்டைப் பார்த்தாள். "ஆடா?"

"பின்னே? போன வருஷம் கிம்ச்சி ஊறுகாய் போட வச்சிருந்த முட்டைக்கோஸ்ல பாதி வரிசையைத் தின்னுச்சே, மறந்துட்டியா? என் தொப்பியையும் தின்னுச்சு. தொப்பியைத் தின்ன ஆடு வைக்கோலை விடுமா?"

"ஆடுன்னா தின்னத்தான் செய்யும்," என்றாள் ஒக்பூன்.

"போய் நல்லாக் கேட்டுட்டு வரேன்."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பீங்க? வைக்கோல் குடுத்ததே அவங்க. அவங்க வைக்கோலை அவங்க ஆடு தின்னுச்சுன்னு சண்டைக்குப் போவீங்களா? நன்றி கெட்ட ஜென்மம்னு நினைக்க மாட்டாங்க?"

அது நியாயமாகத்தான் பட்டது. சங்தால் பெட்டியின் பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் வைக்கோலை எடுத்துப் பின்பக்கத்து ஓட்டையை இன்னும் இறுக்கி அடைத்தார்.

மறுநாள் மூன்று பெட்டிகளின் முதுகிலும் வைக்கோல் இல்லை.

"ஒரு சத்தமாவது போடுதா பாரு! திருட்டு ஆடு!"

"திருடும்போது எந்த ஆடாவது கத்துமா?" என்றாள் ஒக்பூன்.

சங்தால் யோசித்தார். கிம்ச்சிக்கு அரைத்து வைத்திருந்த மிளகாய்த்தூளில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் கொல்லைப்பக்கம் போனார். மறுபடியும் அடைத்த வைக்கோல் முழுக்க அதைத் தூவினார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை. பாதித் தூள் வைக்கோலுக்குப் போனது, மீதி அவர் கண்ணுக்கு வந்தது. குழாயடியில் தலையைக் கொடுத்தபடி அரைமணி நேரம் நின்றார். அப்போதும் அவருக்குத் திருப்திதான். ஆடு ஒரு வாய் வைத்தால் போதும், ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வராது.

மறுநாள் வைக்கோல் போயிருந்தது, மிளகாய்த்தூளோடு.

"இந்த ஊர் ஆட்டுக்கு நாம சாப்பிடுற காரமே பழகிப்போச்சு போல," என்று புலம்பிக்கொண்டு உள்ளே வந்தால், ஒக்பூன் விடாமல் தும்மிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. இரண்டு கையையும் குளிர்ந்த தண்ணீரில் முக்கி வைத்திருந்தாள்.

"என்னாச்சு உனக்கு?"

"சளி... ஹச்... சளி பிடிச்சிருக்கு."

"கையில என்ன?"

"கையிலயும்... ஹச்... சளிதான்."

சங்தாலுக்கு மனசு கேட்கவில்லை. தேனீ தேனீ என்று அலைந்ததில் பெண்டாட்டியைக் கவனிக்காமல் விட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். முளைகட்டிய சோயாவைப் போட்டு அவரே சூப் வைத்தார். உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. ஒக்பூன் அப்படியே கிண்ணத்தைக் காலி செய்தாள். அவர் முகத்தை மட்டும் ஏனோ நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்தது வலை. பழமரத்துக்குப் போடும் பறவை வலை ஒன்று கிடந்தது. பெட்டிகளைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு அதைக் கட்டினார். அன்றைக்குப் பனி கொட்டியது. காலையில் ஆடு மாட்டியிருக்கிறதா என்று ஆவலாக ஓடியவர் வலையை மறந்துபோனார்.

"ஒக்பூன்! ஒக்பூன்!"

அவள் வந்து பார்க்கும்போது சங்தால் பனியில் குப்புறக் கிடந்தார். ஒரு கால் வலையில். மூக்கு பனிக்குள்.

"ஆடு மாட்டிச்சா?" என்றாள்.

"கத்தரிக்கோல் கொண்டா!"

ஒக்பூன் தாராளமாகவே வெட்டினாள். அவர் காலை எடுக்க ஒரு சாண் வெட்டியிருந்தால் போதும். அவள் வெட்டிய வழியில் ஒரு ஆள் நிமிர்ந்தே நடந்து போகலாம்.

கடைசியில் அவர் காவலுக்கே உட்கார்ந்துவிட்டார். அவர் ஓட்டிய பழைய பஸ்ஸை உடைத்தபோது டிரைவர் சீட்டை மட்டும் கேட்டு வாங்கி வந்திருந்தார். அதைத் தூக்கிவந்து பெட்டிகளுக்கு எதிரே போட்டு, கழுத்துவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். பகல் முழுக்க ஆடு வரவில்லை. சாயங்காலம் ஒக்பூன் வந்தாள்.

"என்னங்க, டோஃபு தீந்துபோச்சு. கடைக்குப் போயிட்டு வந்துடுறீங்களா?"

போய்விட்டு வந்தார். வைக்கோல் இல்லை.

மறுநாளும் உட்கார்ந்தார். "என்னங்க, நல்லெண்ணெய் ஒரு பாட்டில்..." போய்விட்டு வந்தார். வைக்கோல் இல்லை.

"ஒக்பூன், அது நான் கடைக்குப் போற நேரம் பாத்து வருது! என்னோட கால அட்டவணை அதுக்கு அத்துப்படி!"

"புத்தியுள்ள ஆடுங்க," என்று ஒத்துக்கொண்டாள் ஒக்பூன்.

வைக்கோலும் தீர்ந்தது. பக்கவாட்டில் இருந்ததையெல்லாம் எடுத்து எடுத்துப் பின்பக்கம் அடைத்ததில் இனி எடுக்க ஒன்றுமில்லை. ஆற்றில் பனிக்கட்டி இறுகிப்போன ஒரு நாள், மூன்று பெட்டிகளும் முதுகைத் திறந்துபோட்டுக்கொண்டு நின்றன. சங்தால் அவற்றின் முன்னால் நின்று, தலை குனிந்து வணங்கினார்.

"பிள்ளைங்களா, என்னால முடிஞ்சது இவ்வளவுதான். மன்னிச்சிடுங்க."

வீட்டுக்குள் வந்தவர், உத்தரத்தில் தொங்கிய மெஜுக் கட்டியில் தலையை இடித்துக்கொண்டார். சோயாவை வேகவைத்து இடித்து, செங்கல் அளவுக்குப் பிடித்து, குளிர்காலம் முழுக்க ஒக்பூன் தொங்கவிடுவாள். வசந்தத்தில் அதை உப்புநீரில் ஊறப்போட்டால்தான் வருஷம் முழுக்கக் குழம்புக்கு வழி. இடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே படுத்தார். ஒக்பூன் அவர் தலையில் எண்ணெய் தடவிவிட்டாள்.

"அதுங்க பொழச்சுக்கும். கவலப்படாதீங்க," என்றாள். அவள் குரலில் அவரைவிட அதிகமாகக் கவலை இருந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் வெயில் நன்றாக அடித்தது. ஒக்பூன் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். மத்தியானம் அவள் போட்ட கூச்சலில் சங்தால் செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

விரிப்பு முழுக்க மஞ்சள் புள்ளிகள். குளிர்காலம் பூராவும் அடக்கி வைத்திருந்ததைத் தேனீக்கள் முதல் பறப்பில் ஒன்றாக இறக்கி வைத்திருந்தன.

"உயிரோட இருக்குங்க!" ஒக்பூன் விரிப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "உங்க பிள்ளைங்க என் துணியில போயிருக்குங்க, பாருங்க!"

இத்தனை அழகான கறையை சங்தால் தன் ஆயுளில் பார்த்ததில்லை. அவளைக் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். அறுபது தாண்டியவர்கள் பட்டப்பகலில் செய்கிற காரியம் இல்லைதான்.

தேனீ வளர்ப்போர் சங்கத்துச் செயலாளர் யொம் அன்றே வந்தார். மூடியைத் தூக்கி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, காஞ்ச துணி மாதிரி இருக்கு. கூட்டமும் பலமா இருக்கு. மேல வழி விடணும்னு யார் சொல்லிக் குடுத்தா?"

"வழியா? என்ன வழி?"

"முதுகுப் பக்கத்து ஓட்டை. தேனீ மூச்சு விடுதுல்ல? அந்த ஆவி மேல போக வழி இல்லேன்னா மூடியில தங்கி, குளிர்ந்து, தண்ணியாகி அதுங்க தலையிலேயே சொட்டும். குளிரை அதுங்க தாங்கிடும், ஈரத்தைத் தாங்காது. போன வருஷம் உங்க பெட்டிக்குள்ள பனித் தண்ணி வரல அண்ணே. நீங்க வழிய அடைச்சீங்க, அதுங்க மூச்சே அதுங்கள நனைச்சிருச்சு."

சங்தால் பெட்டியைப் பார்த்தார். பிறகு மேட்டைப் பார்த்தார்.

"இந்த வருஷமும் அடைச்சேன். தினம் அடைச்சேன். ஆடுதான் தினம் வந்து திறந்துச்சு."

யொம் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப அந்த ஆட்டை நம்ம சங்கத்துல சேத்துருங்க!"

சங்தால் சிரிக்கவில்லை. குளிர்காலம் முழுக்க வாயில் வந்தபடி வைத உயிர் அது. மிளகாய்த்தூளைத் தின்றுகொண்டு, வலையைத் தாண்டி வந்து, அவருடைய முட்டாள்தனத்தைத் தினமும் உருவிப் போட்டிருக்கிறது. உள்ளே போனார். வீட்டில் மிச்சமிருந்த ஒரே தேன் ஜாடியை எடுத்தார். ஒரு கூடை நிறைய ஆப்பிளும் காரட்டும் அடுக்கி, மேலே சிவப்பு நாடா கட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் ஒக்பூன்.

"தக் வீட்டுக்கு. தேன் அவங்களுக்கு, கூடை ஆட்டுக்கு."

ஒக்பூன் முகம் நாடாவைவிடச் சிவந்தது. "ஆட்டுக்குப் போய் யாராவது நன்றி சொல்வாங்களா? ஊரே சிரிக்கும். வேணாங்க."

"சிரிக்கட்டும். நான் நன்றி கெட்டவன் இல்ல."

"நாளைக்குப் போலாம்."

"இன்னைக்கே."

அவள் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், பலிக்கவில்லை. மேடு முழுக்க, "என்னங்க, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க," என்றபடியே பின்னால் ஓடிவந்தாள்.

தக்கின் மனைவி மல்ஜா வாசலில் மிளகாய் விதை பொறுக்கிக்கொண்டிருந்தாள். சங்தால் அவள் எதிரே கூடையை இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பை வளைத்து வணங்கினார்.

"தங்கச்சி, உங்க ஆட்டைக் கொஞ்சம் கூப்பிடுங்க. தினம் வந்து என் பெட்டி வைக்கோலைத் தின்னு, என் தேனீக்களை எல்லாம் காப்பாத்துன மகராசி அது. நேர்ல பாத்து நன்றி சொல்லணும்."

மல்ஜா கூடையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற ஒக்பூனைப் பார்த்தாள்.

"ஆடா? அதை அறுவடைக்கு முன்னாடியே வித்தாச்சே அண்ணே! நன்றி நாங்கதான் உங்களுக்குச் சொல்லணும். இருந்த வைக்கோலைப் பூரா உங்களுக்குக் குடுத்துட்டு மெஜு கட்டித் தொங்கவிட ஒரு இழை இல்லாம நான் முழிச்சப்ப, தினம் கை நிறைய அள்ளி, 'எங்க வீட்டுக்காரர் குடுத்தனுப்பினார்'னு அக்கா தும்மிக்கிட்டே கொண்டாந்து குடுத்தாங்களே!"