தாமரைக்கோழியை நம்பி இறங்கிய மாப்பிள்ளை

நீச்சல் தெரியாத ஆண்கள் தூத்துக்குடியில் நிறைய உண்டு. கடலோர ஊர் என்பதால் யாரும் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை.

எழுபதுகளில் எனக்கு உப்பளத்தில் மேற்பார்வை வேலை. அங்கே தண்ணீரின் ஆழத்தைப் பறவையைப் பார்த்தே சொல்லிவிடுவோம். உள்ளான் நின்றால் கணுக்கால், கொக்கு நின்றால் முழங்கால், பூநாரை நின்றால் தொடை. (இந்தக் கணக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை. பொய்த்திருந்தால் கொஞ்சம் உஷாராக இருந்திருப்பேன்.)

இந்த ஞானத்தோடுதான் தாமிரபரணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் பெண் பார்க்கப் போனேன். துணைக்கு மாமா. பஸ் வழியில் படுத்துவிட்டதால் நாங்கள் இறங்கும்போது ராகுகாலம் நெருங்கியிருந்தது. பெண் வீடு குளத்துக்கு அக்கரையில். கரையைச் சுற்றிப் போனால் தாமதமாகிவிடும்.

“பொண்ணோட அய்யா நேரங்காலம் பாக்குத ஆளுலே. ராகுகாலத்துல போயி நின்னா இந்த எடம் போச்சு” என்றார் மாமா.

அந்தப் பெண்ணின் போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஒரு வாரமாகத் தூங்கியவன் நான். விட முடியுமா?

நடுக்குளத்தில் பச்சைப்பசேலென்ற பரப்பின்மேல் நீள வாலோடு ஒரு பறவை சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது.

“கணுக்கால் தண்ணிதான் மாமா. நேரா போயிரலாம்.”

“நடுக்குளத்துலயா?”

“அது நடக்குதுல்லா?”

மாமா யோசித்தார். “நீ போயி மொகத்தக் காட்டு. நான் சுத்தி வாரேன்.” (விவேகி.)

பெல்பாட்டத்தைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். கணுக்கால். முழங்கால். இடுப்பு. எதிரே அந்தப் பறவைக்கு இன்னும் விரல்கூட நனையவில்லை. நான் குழியில் இருக்கிறேனா, அது மேட்டில் இருக்கிறதா? இன்னும் ஓர் எட்டு வைத்தேன். தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. காலைச் சேறு பிடித்தது, பெல்பாட்டத்தை ஏதோ கொடி பிடித்தது. பக்கத்தில் நீந்திய குட்டி வாத்து பொசுக்கென்று முங்கி என் முதுகுக்குப் பின்னால் எழுந்தது. அதே வாத்தா, வேறா? அதற்குள் ஒரு பாம்பு தலையைத் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தது. கண்ணை மூடினேன். திறந்தால் பாம்பு சிறகடித்துப் பறக்கிறது. (பாம்புத்தாரா என்று ஒரு பறவையாம். உடம்பைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டுமாம். ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.) தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டு முடித்து, பக்கத்துத் தெரு மாதாவையும் கூப்பிட்டேன்.

பெண்ணின் அப்பா, அக்கரையில் எங்களை வரவேற்க நின்றவர், கயிறு வீசி இழுத்தார். நான் வந்தேன், பெல்பாட்டம் வரவில்லை.

அவருடைய வேட்டியில், காதில் பாசியோடு, கூடத்தில் உட்கார்ந்தேன். காபி கொண்டுவந்த பெண் என்னைப் பார்க்கவே இல்லை. சம்பந்தம் போச்சு என்று நினைத்தேன்.

“எதுக்கு எறங்குனிய?” என்று கேட்டார் அப்பா. என் பறவைக் கணக்கை விளக்கினேன்.

“அது தாமரைக்கோழி” என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. “எலைமேல நடக்கும். அடியில ரெண்டாள் தண்ணி கெடந்தா அதுக்கென்ன?”

சொல்லி முடிக்குமுன் சிரிப்பு வந்து உள்ளே ஓடினாள். அடுக்களையில் அந்தச் சிரிப்பு நிற்கவே இல்லை. மாமா சுற்றி வந்து சேர்ந்தபோது, “புள்ளைக்குப் புடிச்சிருக்கு. ராகுகாலம் போகட்டும், வெத்தல மாத்திக்கிடுவோம்” என்றார் அப்பா.

அன்றிலிருந்து நான் எதையும் தீர்மானமாகச் சொன்னால் வீட்டில் ஒரே கேள்விதான். போன வாரம் மழையில், பஸ் நிலையத்தில், “நம்ம பஸ் இங்கனதான் வரும். இத்தன பேரு நிக்காவல்லா?” என்றேன்.

“நிக்காவ. எதுமேல நிக்காவன்னு பாத்தியளா?” என்றாள் என் மனைவி.

கூட வந்த மகள் போய் விசாரித்து வந்தாள். அத்தனை பேரும் மழைக்கு ஒதுங்கியவர்கள்.