கணக்கில் சேராத பதினொன்று

சேசு மரி சூசை துணை

காளவாசல், மதுரை
9.2.1979

அன்புள்ள மாப்பிள்ளை, தலைமையாசிரியர் ஞானசீலன் அவர்களுக்கு, உன் அக்காள் வீட்டுக்காரன் தனிஸ்லாஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கு நான் முழு நலம், உன் அக்காள் பிலோமினாள் முக்கால் நலம். வாடிப்பட்டியில் நீயும் பிள்ளைகளும், ஓடு மாற்றாத உன் பள்ளிக்கூடமும் நலமாக இருக்க வேண்டுகிறோம்.

வருகிற 24ஆம் தேதி உன் பள்ளி ஆண்டுவிழாவில் 'பள்ளிப் பாடங்கள் அன்றாட வாழ்க்கைக்குப் பயன்படும் விதம்' என்று நான் இருபது நிமிடம் பேச வேண்டும் என எழுதியிருந்தாய். முப்பத்தாறு வருடம் கணக்கும் விஞ்ஞானமும் நடத்தியவன் என்று என்னை நம்பிக் கேட்டிருக்கிறாய். என் வகுப்பில் ஒரு வருடம் உட்கார்ந்து உள்ளங்கை சிவந்தவன் நீ, உனக்கு என் கோபமும் தெரியும். ஆனாலும் என்னால் வர இயலாது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பொங்கலுக்கு நாங்கள் வரவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். பள்ளிக்கூடத்தைப் போட்டுவிட்டு நீ ஓடி வந்துவிடுவாய் என்று உன் அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள், இப்போது உடைக்கிறேன். ஜனவரி இரண்டாம் தேதி, மண்டியில் வெல்லம் மலிவு என்று சிம்மக்கல் போனோம். டவுன் பஸ் நிற்கிற மாதிரி பாவனை காட்டிவிட்டு ஊர்ந்துகொண்டே இருந்தது. நான் முதலில் இறங்கிவிட்டேன். இறங்கினவன் என்ன செய்திருக்க வேண்டும்? கையை நீட்டியிருக்க வேண்டும். நானோ ரோட்டில் நின்றுகொண்டு, "பிலோமினா, சடத்துவம்! பஸ் போற பக்கமா முகத்தை வச்சு இறங்கி நாலு எட்டு ஓடு!" என்று, ஓடுகிற பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும் என்கிற ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை நடத்தினேன். அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் "என்னது?" என்று என் பக்கம் திரும்பினாள். பஸ் அந்தப் பக்கம் போனது, அவள் இந்தப் பக்கம் விழுந்தாள். வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறது. விதி நூற்றுக்கு நூறு சரி மாப்ள, நான்தான் கையை நீட்டவில்லை. முப்பத்தெட்டு நாளாக எனக்குத் தூக்கம் சரியில்லை.

"ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது, நன்றாகச் சாப்பிட வேண்டும், அப்போதுதான் எலும்பு கூடும்" என்றார் டாக்டர். மகளோ ராஞ்சியில் கன்னியர் மடத்தில் இருக்கிறாள், கூப்பிட முடியாது. ஆகையால் அடுப்படி என் கைக்கு வந்தது. வரட்டுமே, படித்த படிப்பெல்லாம் எதற்கு என்று நானும் தெம்பாகத்தான் இறங்கினேன். நாலு பேர் சோறு வேக அரை மணி நேரம் ஆகும் என்று உன் அக்கா சொல்லியிருந்தாள். அப்படியானால் இரண்டு பேருக்குக் கால் மணி நேரம் என்று நேர்விகிதத்தில் போட்டு இறக்கினேன். நறுக் நறுக்கென்று இருந்தது. மறுநாள் சாம்பாரில் புளி கூடிப்போனது. அமிலத்தைக் காரம் நடுநிலையாக்கும் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! ஒரு கரண்டி ஆப்ப சோடாவைப் போட்டேன். சாம்பார் பொங்கி எழுந்து, ஸ்டவ்வை அணைத்து, தரையில் இறங்கி, அடுப்படி வாசல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நின்றது. மிச்சத்தை உன் அக்காவுக்குப் பரிமாறினேன். "நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். தினமும் அதே பதில், தினமும் தட்டு காலி. எனக்கு மீசையில் கைபோகத் தொடங்கிவிட்டது.

போன வாரம் பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் வாசலில் வந்து நின்று, "சார், கோவிச்சுக்கிராதீக. சொல்லக் கூடாதுன்னுதான் அக்கா சொன்னாக, மனசு கேக்கலை. நீங்க அங்கிட்டுப் போனதும் உங்க சோத்தைத் தூக்குச்சட்டியில போட்டு எங்கிட்டக் குடுத்துருறாக. நான் எங்க ஆட்டுக்கு ஊத்துறேன். அதுவும் மோந்து பாத்துட்டு, என்னை ஒரு பார்வை பாக்குது சார். அக்கா ரெண்டு பன்னும் காப்பியுமாத்தான் கிடக்காக" என்றாள். உள்ளே போய்ப் பார்த்தால், உன் அக்கா கையைத் தூக்கும்போது வளையல் முழங்கை வரைக்கும் ஓடுகிறது. இத்தனை நாள் இது என் கண்ணில் படவே இல்லை. சாப்பிடாமல் கிடந்தால் எலும்பு எப்படிக் கூடும்? எனக்கு நிசமாகவே பயம் வந்துவிட்டது மாப்ள.

கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இம்புட்டு நாள் நீ எந்தக் கணக்குல சோறு இறக்குன, அதைச் சொல்லு" என்றேன்.

"நான் என்னத்தக் கணக்குப் பாத்தேன். உலையில அரிசியப் போட்டதும் ஜெபமாலைய எடுப்பேன். அஞ்சு பத்தும் சொல்லி முடிச்சா சோறு வெந்துரும்."

என்னைத்தான் உனக்குத் தெரியுமே. முப்பத்தொரு வருடமாகச் சாயந்தர ஜெபமாலை நேரத்தில் நான் பரீட்சைப் பேப்பரோடு முன்னறையில் உட்கார்ந்துவிடுவேன். ரிடயரான பிறகும் பழைய பேப்பர் எதையாவது எடுத்து வைத்துக்கொண்டு தப்பித்துவந்தேன். இப்போது வேறு வழியில்லை. அன்றைக்கு அடுப்பு முன்னால் நின்று, பள்ளிக்கூட அசெம்பிளி வேகத்தில் எட்டே நிமிடத்தில், பத்துக்குப் பத்து மணியாக ஐந்து பத்தையும் உருட்டி முடித்தேன். ஆட்டுக்கு அன்றைக்கும் சாப்பாடு கிடைத்தது. சரி, அளவுகோலையே அளந்துவிடுவோம் என்று மறுநாள் வாட்சும் வரைபடத் தாளுமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ சொல்லு, நான் எண்ணுறேன்" என்றேன். எண்ணினால் கணக்கு உதைக்கிறது. ஒவ்வொரு பத்திலும் பதினொரு தடவை 'அருள் நிறைந்த மரியே' வருகிறது.

"பத்துன்னா பத்துத்தான் பிலோமினா, ஒண்ணு கூடுது."

"அது கணக்குல சேராதுங்க. அது உங்களுக்கு."

"எனக்கா? எதுக்கு?"

"கோவத்துல பிள்ளைகளை அடிக்காம இருக்கணும்னு கல்யாணமான வருசம் ஆரம்பிச்சது."

"அதான் ரிடயர் ஆயிட்டேனே!"

"இப்பச் சட்டிபானையைப் போட்டு அடிக்காம இருக்கணுமே" என்றாள்.

வரைபடத் தாளை மடித்து வைத்துவிட்டேன். நாற்பது வயதுக்கு மேல் என் கோபம் குறைந்ததற்கு என் சுயகட்டுப்பாடுதான் காரணம் என்று ஊரெல்லாம் பீற்றியவன் நான். அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே சொல்கிறோம், அவள் வேகத்தில், பதினொன்றும் சேர்த்து. இருபத்திரண்டு நிமிடம் ஆகிறது. சோறு பூப்போல வேகிறது. முந்தாநாள் மத்தியானம் தட்டை நீட்டி, "இன்னுங் கொஞ்சம் போடுங்க" என்றாள். கரண்டியும் கையுமாக நின்று அழுதுவிட்டேன் மாப்ள. உன்னிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

ஆகவே நீயே சொல். சடத்துவம் காலை ஒடித்தது, நேர்விகிதம் பல்லை உடைத்தது, அமிலமும் காரமும் அடுப்பை அணைத்தன. கடைசியில் சோறு வெந்தது ஜெபமாலைக் கணக்கில். இதை மேடையேறிச் சொன்னால் உன் பிள்ளைகள் மறுநாளே புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடுவார்கள். தயவுசெய்து வேறு யாரையாவது கூப்பிட்டுக்கொள்.

பிள்ளைகள் நெற்றியில் என் பேரால் ஒரு சிலுவை போடு. உன் வீட்டுக்காரிக்கு எங்கள் அன்பைச் சொல். சகாய மாதா உங்கள் எல்லோரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு மச்சான்,
தி. தனிஸ்லாஸ்

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன்னால் கடிதத்தை உன் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "நெசமாவே நம்பிட்டீகளா? ஜெபமாலையில எங்கயாச்சும் சோறு வேகுமா? ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பாத்தாத் தெரியாதா? உங்களை ஒருநாளாவது பக்கத்துல உக்கார வச்சு ஜெபம் சொல்லணும்னு முப்பத்தொரு வருசமா ஆசை. கால் ஒடிஞ்சதுலதான் அமைஞ்சுச்சு" என்கிறாள். நான் கோபப்பட்டிருக்க வேண்டும். எவ்வளவு தேடியும் வரவில்லை, அந்தப் பதினொன்றாவது வேலை செய்கிறது போலிருக்கிறது. பதினைந்தாம் தேதி கட்டைப் பிரிக்கிறார்கள். விழாவுக்கு இரண்டு பேருமே வாரோம், மேடைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு வை. நான் பேசுகிறேன், ஆனால் இருபது நிமிடம் போதாது, இருபத்திரண்டு வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு யாரையும் அனுப்ப வேண்டாம். பஸ் நின்றதும் நான் முதலில் இறங்கி, வாயை மூடிக்கொண்டு கையை நீட்டுவேன்.