அணைக்க வேண்டாம்

"இருபத்தேழுலயே நிக்கு அண்ணாச்சி."

"நிக்கட்டும். இருபத்தேழு வந்தது இருபத்தெட்டுக்கு வராமலா போயிரும்? நீ சோத்தைத் தின்னு."

"நாலு மணிக்குள்ள எனக்குப் பேப்பரு வேணுமே!" என்று ஆபிதா பீவி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

நீலத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றையொன்று துரத்திச் சுற்றிக்கொண்டிருந்தன. புதுப்பித்தல் நடக்கிறது, இருபத்தேழு சதவீதம், கணினியை அணைக்க வேண்டாம் என்று கீழே ஆங்கிலத்தில் இருந்தது. மணி ஒன்று பத்து.

பாளையங்கோட்டையில் நீதிமன்றத்துக்கு அருகே ஒரு சந்தில் வில்சன் அண்ணாச்சி நடத்தும் தட்டச்சு நிலையத்தில் இருப்பது ஒரே ஒரு கணினி. அதில் வேலை செய்பவள் ஜாய்சி. ஆபிதா பீவியின் மகள் ஸமீஹாவுக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. சான்றிதழ்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை இன்று நான்கு மணிக்குள் ஏஜென்டிடம் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு ஒருத்திக்குப் போய்விடும். நான்கு நாள் உட்கார்ந்து பதினெட்டுப் பக்கம் அடித்திருந்தாள் ஜாய்சி. கடைசி வரியை முடித்துவிட்டு, முகம் கழுவி வந்து சேமிக்கலாம் என்று எழுந்து போனாள். திரும்பி வந்தால் புள்ளிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

தினமும் நடப்பதுதான். ஆறு மாதமாக அந்த இயங்குதளத்துக்கு மதியம் ஒரு மணி ஆனால் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே ஆகவேண்டும். சரியாக நாற்பது நிமிடம்.

அதனிடம் வேறு குறைகளும் உண்டு. காலையில் கண்விழிக்க ஏழு நிமிடம் எடுத்துக்கொள்ளும். நேற்றுவரை கூடவே இருந்த பிரிண்டரைத் திங்கட்கிழமை பார்த்து யாரென்றே தெரியாது என்று சாதிக்கும். ஆனால் சேமித்து ஒப்படைத்த ஒரு சொல்லைக்கூட அது தொலைத்ததில்லை. ஒப்படைக்காத சொற்களுக்குத்தான் அது பொறுப்பேற்காது.

ஜாய்சிக்கு அதன்மேல் பெரிய நன்றி உண்டு. முதல் மூன்று வருடம் அவளுடைய சோற்று டப்பா கொண்டுவந்தபடியே வீடு திரும்பியது. "வக்கீல் வந்து நிக்காரு பாரு, பொறவு தின்னலாம்" என்பார் அண்ணாச்சி. அந்தப் பொறவு வந்ததே இல்லை. மனிதர் சொன்னால் கேட்காத அண்ணாச்சி கணினி சொன்னால் கேட்பார். "அது படிச்சது. காரணமில்லாமச் சொல்லாது." அப்படித்தான் இந்த நாற்பது நிமிடம் வந்தது. கடையைப் பெருக்கித் துடைக்கும் கலையரசியும் அவளும் பின்பக்கப் பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார்கள். ஜாய்சிக்கு இரண்டு கிலோ கூடியிருந்தது. இரவு ஜெபத்தில் சொந்தக்காரர்கள் பெயரெல்லாம் சொல்லி முடித்தபின் அந்த இயங்குதளத்தையும் அவள் சேர்த்துக்கொள்வாள்.

"ஒண்ணு நாப்பதுக்கு முடிஞ்சிரும். உக்காருங்க" என்று அவள் ஆபிதா பீவியிடம் சொல்லி முடிக்கவில்லை. தெருவில் 'டொப்'பென்று ஒரு சத்தம். மின்விசிறி நின்றது. மேசைக்கடியில் யூபிஎஸ் பெட்டி கூவத் தொடங்கியது.

"டிரான்ஸ்பார்மர் போயிட்டு! கரண்டு வர சாயங்காலம் ஆகும்" என்று வெளியே யாரோ கத்தினார்கள்.

"இந்தப் பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும்?"

"பதினஞ்சு நிமிசம், அண்ணாச்சி."

"அப்டேட்டு முடிய?"

"இருபத்தஞ்சு."

அண்ணாச்சி கணக்குப் போட்டார். எப்படிப் போட்டாலும் பத்து நிமிடம் இடித்தது.

"செத்த தள்ளுங்க அண்ணாச்சி, ஒரு துடை துடைச்சிருதேன்" என்று துணியோடு வந்தாள் கலையரசி.

"இப்பதானா துடைக்கணும்? தொடாத! பாதியில நின்னா மொத்தமும் போயிரும்." அண்ணாச்சி கணினிக்கு முன்னால் இரு கைகளையும் விரித்து நின்றார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "ஏலே முத்துமாலை! ஆட்டோவை வாசல்ல கொண்டாலே! ஜாய்சி, தூக்கு."

"எதை?"

"கம்ப்யூட்டரைத்தான். அணைக்கக்கூடாதுன்னுதானே போட்டிருக்கு? தூக்கக்கூடாதுன்னா போட்டிருக்கு?"

திரை ஆபிதா பீவியின் மடியில் ஏறியது. கணினிப் பெட்டியை ஜாய்சி கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டாள். கூவுகிற யூபிஎஸ்ஸை அண்ணாச்சி கைப்பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"கீபோர்டு?" என்றாள் கலையரசி, டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டே.

"அப்டேட்டுக்குக் கீபோர்டு எதுக்கு? அது தானா ஆவும்" என்று அண்ணாச்சி அதைக் கழற்றிக் கடைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

அடுத்த தெரு ஜெராக்ஸ் கடையிலும் மின்சாரம் இல்லை. அதே டிரான்ஸ்பார்மர்.

"சாந்தி நகருக்கு விடு. எங்க வீட்டுக்கு!" என்றார் அண்ணாச்சி.

வேகத்தடையில் வண்டி குதித்தது. "பைய போ வே!"

"பையப் போனா பேட்டரி தீந்துரும், வெரசாப் போனா டப்பா ஆடும். எதுன்னு நீரே சொல்லும்" என்றார் முத்துமாலை.

முருகன்குறிச்சி சிக்னலில் போக்குவரத்துக் காவலர் குனிந்து உள்ளே பார்த்தார். ஒரு வயதான அம்மாளின் மடியில் நீல வெளிச்சம். ஐம்பத்தைந்து சதவீதம்.

"என்னது இது?"

"அப்டேட்டு சார். நிறுத்தக்கூடாது."

அவர் வீட்டிலும் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவது போல இரண்டு பேருந்துகளை நிறுத்தி அனுப்பிவைத்தார்.

கதவைத் திறந்த அண்ணாச்சியின் மனைவி பிலோமினா அக்கா இடுப்பில் கைவைத்தார். "சோறு திங்க வாங்கன்னு கூப்பிட்டா ஒரு நாளும் வராத மனுசன், இன்னைக்குக் கடையையே தூக்கிட்டு வந்திருக்கீய!"

"பிளக்கு எங்க? பிளக்கு!"

யூபிஎஸ் ஒரே மூச்சாக நீளக் கூவிய நேரத்தில் சுவரோடு இணைப்புக் கிடைத்தது. எழுபத்தைந்து. எல்லோரும் மூச்சு விட்டார்கள். வேறு சவாரிக்கு நேரமாகிவிட்டது என்று முத்துமாலை கிளம்பினார்.

தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. நூறு வந்தபோது பிலோமினா அக்காகூடக் கைதட்டினார்.

அடுத்த நொடி சுழியம் என்று வந்தது. பிறகு ஒன்று.

"மறுபடியுமாலே?" என்றார் அண்ணாச்சி, யாரைப் பார்த்தென்று தெரியாமல்.

ஜாய்சியும் இப்படிப் பார்த்ததில்லை. கடையில் அவள் டப்பாவைக் கழுவிவிட்டு வரும்போது எல்லாம் சரியாகி இருக்கும்.

"கீபோர்டு இல்லல்லா அண்ணாச்சி, அதான் முழிக்கு" என்றாள் கலையரசி. "கையில்லாம ஒரு ஆளு எப்படி ஊனி எந்திரிப்பான்?"

அண்ணாச்சிக்கு அது நியாயமாகப் பட்டது. சாவியைக் கொடுத்தார். கலையரசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

பிலோமினா அக்கா எல்லோருக்கும் தட்டு வைத்து வாளை மீன் குழம்பு ஊற்றினார். ஆபிதா பீவி சோற்றைத் தொடவில்லை. "ராத்திரியும் பகலும் படிச்ச பிள்ள" என்று மட்டும் சொன்னார். வாய்க்குள் துஆ ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு இருபதுக்கு மறுபடியும் நூறு. மறுபடியும் சுழியம்.

அண்ணாச்சியின் நம்பிக்கை அங்கேதான் உடைந்தது. "போதும். பிடுங்கி மாட்டிருவோம்." கை பிளக்கில் இருந்தது.

மூன்றரை வருடத்தில் முதல் முறையாக ஜாய்சி முதலாளியின் கையைப் பிடித்தாள். "கடைசி ஆறு பக்கம் இன்னும் சேமிக்கல அண்ணாச்சி. பிடுங்குனா அந்தப் பிள்ள வேலையையும் சேத்துப் பிடுங்குதிய. மறுபடி அடிக்க நேரம் இல்ல."

"இப்படியே சுத்திக்கிட்டிருந்தா மட்டும் நேரம் இருக்கோ?"

"இத்தனை நாள் அது நம்மளக் கைவிட்டதில்ல. இன்னும் பத்து நிமிசம்."

அண்ணாச்சி கையை எடுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை. சுவரில் சேசுவின் படத்துக்குக் கீழே இருவரும் அப்படியே நின்றார்கள். எட்டாவது நிமிடம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

கலையரசி வேர்த்து வடிந்து வந்தாள். முந்தானையில் சுற்றியிருந்த கீபோர்டை எடுத்து மாட்டினாள். பஸ் தூசி பட்டிருந்ததால், வழக்கம்போல ஒரு துடை துடைத்தாள்.

நீலம் மறைந்தது. பதினெட்டாம் பக்கம் அப்படியே இருந்தது. கடைசிப் புள்ளிக்குப் பக்கத்தில் சின்னக் கோடு கண்சிமிட்டியது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் ஆபிதா பீவி. அண்ணாச்சி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். ஜாய்சி சேமித்தாள். நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறையும் சேமித்தாள். வழியில் அச்செடுத்துக்கொள்ளலாம் என்று பென் டிரைவோடு அண்ணாச்சியும் ஆபிதா பீவியும் முத்துமாலையைப் போனில் பிடித்துப் பறந்தார்கள்.

மூன்றரைக்குப் போன் வந்தது. "குடுத்தாச்சு மக்கா, வாங்கிட்டாவ" என்றார் ஆபிதா பீவி. அதற்கு மேல் அழுகையும் சிரிப்பும்தான் கேட்டன.

பிலோமினா அக்கா அடுப்படியில் இன்னொரு முறை சோறு சுடவைத்துக்கொண்டிருந்தார். ஜாய்சி தரையில் உட்கார்ந்து, சூடு ஆறாத கணினிப் பெட்டியைத் தடவிக்கொடுத்தாள்.

"ஆயிரம் குறை இருக்கட்டும்க்கா. இந்தத் திட்டு வாங்குத ஜந்து மட்டும் தினமும் ஒரு மணிக்கு அப்டேட் ஆகலைன்னா, நான் இத்தனை நாள் ஒரு வாய் சோறு தின்னிருப்பனா? அதுக்கு எப்படி நன்றி சொல்லன்னே தெரியல."

கலையரசி அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நெருங்கி உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அது அப்டேட்டே இல்ல பிள்ள, எம்மவ காலேஜ்ல இருந்து கொண்டாந்த வெறும் படம், நீ பட்டினி கெடக்குதது பொறுக்காம, மேசையத் துடைக்குத சாக்குல தினமும் நாந்தான் ஓட்டிவிடுதேன், பொறவு கீபோர்டுல ஒரு பட்டன அமுக்கி நிறுத்துததும் நாந்தான்... அண்ணாச்சிகிட்ட மட்டும் சொல்லிராத, என்ன?"